ரீச் 1,20,000, ஆர்டர் 30: இந்த விளம்பர ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

ஆற்காடு_பேடாக்கடை

எல்லாருக்கும் வணக்கம். ஆற்காட்டுல எங்களுக்கு மக்கன் பேடா கடை, ஜீராவுல (சர்க்கரைப் பாகு) ஊற வைக்கற இனிப்பு. மாமனார் ஆரம்பிச்சது, இப்ப நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கறோம். அடுப்பு அவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு.

தீபாவளி முடிஞ்சதும் கொழுந்தனார் பையன் சென்னையில ஒரு ஏஜென்சியைப் பேசி விட்டான். எங்க இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ரெண்டையும் அவங்கதான் நடத்தறாங்க. மாசம் அவங்களுக்குக் கூலி 6,000, விளம்பரத்துக்கு 9,000. மாசக் கடைசியில பிடிஎஃப் ஒண்ணு வரும். கலர் கலரா வட்டம், பச்சை அம்புக்குறி, எல்லா அம்பும் மேல பார்த்துத்தான் நிக்குது. அதுல இருக்கறதை அப்படியே எழுதறேன்:

ரீச் 1,20,000. இம்ப்ரெஷன் 3,00,000. கிளிக் 6,000. சிடிஆர் 2%. சிபிசி 1.50 ரூபாய். சிபிஎம் 30 ரூபாய். எங்கேஜ்மென்ட்னு ஒரு கட்டம், அதுக்கு நேரா "எக்ஸலண்ட்".

என் நோட்டுல இருக்கறது வேற. விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்ல பேசினவங்க 90 பேர். வாங்கினவங்க 30 பேர். மொத்தம் 18,000 ரூபாய்.

2011 சென்சஸ்ல ஆற்காடு நகராட்சியே 60,000 பேரைத் தொடலை. அதுல ரெண்டு மடங்கு ஜனம் எங்க பேடாவைப் பார்த்திருக்குன்னா கடை வாசல்ல கயிறு கட்டியில்ல ஆளை நிறுத்தணும்? போன் பண்ணிக் கேட்டா, "பிராண்ட் அவேர்னஸ் பில்ட் ஆகுது மேடம், பொறுமையா இருங்க"ன்னு சொல்றாங்க. அடுத்த மாசத்துல இருந்து ரீமார்க்கெட்டிங், இன்ஃப்ளூயன்சர் கொலாப், எஸ்இஓ பேக்கேஜ் சேர்க்கணுமாம். அதுக்குத் தனியா காசு.

இந்த வார்த்தைங்கள்ல நான் எதைப் பார்க்கணும், எதை விட்டுடலாம்? கடைக்காரிக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க.

காட்பாடி_பிரஸ்

தங்கச்சி, நான் காட்பாடியில அச்சகம் வெச்சிருக்கறவன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பிட் நோட்டீஸ்னு ஓடின பிரஸ். இப்ப பாதி வருமானம் கடைக்காரங்களுக்கு இந்த விளம்பரம் போட்டுக் கொடுக்கறதுலதான் வருது. அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

பேப்பருக்குள்ள வெச்சு அனுப்பற பிட் நோட்டீஸை நினைச்சுக்குங்க. எத்தனை தடவை கண்ணுல பட்டுதோ அது இம்ப்ரெஷன். எத்தனை தனித்தனி ஆள் கண்ணுல பட்டுதோ அது ரீச். மூணு லட்சத்தை ஒரு லட்சத்து இருபதாயிரத்தால வகுத்தா 2.5. ஒரு ஆள் சராசரியா ரெண்டரை தடவை பார்த்திருக்கார்னு அர்த்தம். இதுக்குப் பேரு ஃப்ரீக்வென்சி. ஆயிரம் தடவை காட்ட ஆகற செலவு சிபிஎம். 9,000 ரூபாயை மூணு லட்சத்தால வகுத்து ஆயிரத்தால பெருக்கினா 30, கணக்கு சரியா இருக்கு. அதுல பொய் இல்ல.

ஆனா "கண்ணுல பட்டுது"ங்கறதுக்கு அங்க அளவு ரொம்பச் சின்னது. கட்டைவிரலால தள்ளிக்கிட்டே போறப்ப ஸ்கிரீன்ல வந்துட்டாப் போதும், இம்ப்ரெஷன் ஏறிடும். பேடான்னு படிச்சிருக்கக்கூட வேணாம். வீடியோவா இருந்தா மூணு செகண்ட் ஓடறதுக்கு ஒரு கணக்கு, 15 செகண்டோ முழுசாவோ ஓடறதுக்கு த்ரூபிளேன்னு இன்னொரு கணக்கு. உங்க ரிப்போர்ட்டுல வெறும் "வியூஸ்"னு இருந்தா எந்தக் கணக்குன்னு கேளுங்க. ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் வியூஸ் ஏறும்.

எனக்கு உறுத்தறது அந்த 6,000 கிளிக். 6,000 பேர் தட்டி 90 பேர்தான் பேசினாங்கன்னா நடுவுல ஏதோ இடிக்குது. விளம்பரம் போடற ஆட்ஸ் மேனேஜர் பக்கத்துல கிளிக் ரெண்டு வகையா இருக்கும். ஒண்ணு, போஸ்ட்டுல எங்க தட்டினாலும் சேர்ற "கிளிக்ஸ் ஆல்". லைக் போட்டா கிளிக், கமெண்ட் போட்டா கிளிக், உங்க பேரைத் தட்டிப் பார்த்தா கிளிக், மீதி எழுத்தைப் படிக்க "மோர்" தட்டினாலும் கிளிக். இன்னொண்ணு "லிங்க் கிளிக்". வாட்ஸ்அப் பட்டனைத் தட்டினது இதுலதான் வரும். ரிப்போர்ட்டுல பெரிய நம்பரைப் போட்டா நூறு தடவை காட்டினா எத்தனை கிளிக்ங்கற சிடிஆர் அழகா இருக்கும், ஒரு கிளிக்குக்கு ஆகற செலவான சிபிசி ஒண்ணரை ரூபாய்க்கு இறங்கும். லிங்க் கிளிக் எத்தனைன்னு ஏஜென்சியைக் கேளுங்க. ஒரே வரியில கேளுங்க, விளக்கம் வேணாம்.

அடுத்து, விளம்பரத்தோட "அப்ஜெக்டிவ்", அதாவது நோக்கம், என்ன போட்டிருக்காங்கன்னு கேளுங்க. ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டையும் வெச்சிருக்கற மெட்டா கம்பெனியில ஆறு இருக்கு: அவேர்னஸ், டிராஃபிக், எங்கேஜ்மென்ட், லீட்ஸ், ஆப் புரமோஷன், சேல்ஸ். இதுதான் மொத்த விஷயத்துக்கும் அச்சாணி, யாரும் கடைக்காரங்ககிட்ட சொல்றதில்ல. அல்காரிதம்னு பயமுறுத்தறாங்களே, அது வேற ஒண்ணும் பண்றதில்ல, நீங்க எதைக் கேட்டீங்களோ அதைத் தேடித் தரும். லைக், கமெண்ட் வேணும்னு கேட்டா, கண்ணுல படறதுக்கெல்லாம் லைக் போடற ஆளுங்களா பொறுக்கி எடுத்துக் காட்டும். அவங்க பேடா வாங்கற ஜாதி இல்ல. எங்கேஜ்மென்ட்லயே மெசேஜ் வர்ற மாதிரி வைக்கறதும் இருக்கு, அது பரவாயில்ல.

இப்ப உங்க நோட்டுக்கு வர்றேன். விளம்பரம் 9,000. அதுக்கு 18% ஜிஎஸ்டி 1,620. கூலி 6,000. மொத்தம் 16,620. ஆர்டர் 30. ஒரு ஆர்டரைப் பிடிக்க 554 ரூபாய் செலவு. ஒரு ஆர்டரோட சராசரி 600 ரூபாய். கோவா, முந்திரி, கேஸ், ஆள் கூலி எல்லாம் மீதி 46 ரூபாய்க்குள்ள அடங்கணும்.

ரிப்போர்ட்டுல ரோஆஸ்னு ஒண்ணு வரலாம். விற்பனையை விளம்பரச் செலவால வகுக்கறது. உங்களுக்கு 18,000-ஐ 9,000-ஆல வகுத்தா 2. "போட்ட பணம் டபுள் ஆயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. டபுள் ஆனது விற்பனை, லாபம் இல்ல. நூறு ரூபாய் பேடாவுல உங்களுக்கு 30 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்கிட்டா, ரோஆஸ் 3.3 தாண்டினாத்தான் விளம்பரக் காசாவது திரும்பும், கூலியும் வரியும் அப்பவும் கையை விட்டுத்தான் போகும். உங்க சதவீதம் எவ்வளவோ, 100-ஐ அதால வகுங்க. அந்த நம்பரை பிடிஎஃப் மேலயே பேனாவால எழுதி வெச்சுக்குங்க.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை. ரெகுலரா ஜிஎஸ்டி கட்டறவங்க விளம்பரக் கணக்குல நம்பரைக் கொடுத்து வரியை இன்புட்டா எடுக்க, அதாவது தாங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கப் பார்க்கலாம். விற்பனையில சின்ன சதவீதம் மட்டும் வரி கட்டற காம்போசிஷன் திட்டத்துல இருந்தா அந்த 1,620 போனது போனதுதான்.

காந்திரோடு_லாட்ஜ்

இன்னாத்துக்குமா அவ்ளோ தூரம் சுத்தறீங்க, கூகுள் மேப்புல கடை கீதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க.

நமக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல லாட்ஜ். வர்றவங்க பாதிக்கு மேல பெங்காலிங்க. கல்கத்தா, ஜார்க்கண்ட், பங்களாதேஷ். அவங்க இன்ஸ்டாவுல ரீல் பார்த்து ரூம் போடறதில்ல. வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே மேப்பைத் திறந்து ஆஸ்பத்திரி பக்கத்துல சமையல் வசதியோட ரூம் கீதான்னு தேடுவாங்க. அதனால நான் போட்டோ போட்டது எல்லாம் கேஸ் அடுப்பு, பாத்திரம், லிஃப்ட், வாடகை போர்டு. பெட்ஷீட்டுல பூ வெச்ச போட்டோ எல்லாம் இல்ல. பெங்காலியில ரிவ்யூ வந்தா மொழிபெயர்த்துப் பார்த்து பெங்காலியிலயே ரெண்டு வரி பதில் போடுவேன். அதைப் படிச்சுட்டு வந்தேன்னு சொல்ற ஆளுங்க நிறைய.

அதுக்குப் பேரு கூகுள் பிசினஸ் புரொஃபைல். முன்னாடி கூகுள் மை பிசினஸ்னு இருந்துச்சு, 2021 கடைசியில பேரை மாத்தினாங்க. அஞ்சு பைசா செலவில்ல. கடை போர்டு, தெரு, உள்ள கல்லான்னு வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லி உறுதி பண்ணுவாங்க. "கூகுள்ல இருந்து பேசறோம், லிஸ்டிங்குக்குப் பணம் கட்டணும்"னு எவனாவது போன் பண்ணா வெச்சுடுங்க.

அதுல வர்ற கணக்குதான் கணக்கு. எத்தனை பேர் போன் பட்டனை அமுக்கினாங்க, எத்தனை பேர் வழி கேட்டாங்க, இன்னா வார்த்தை போட்டுத் தேடி வந்தாங்க, மூணும் இருக்கும். வழி கேட்டவன் வண்டியில கிளம்பத் தயாரா இருக்கறவன். எஸ்இஓன்னா கூகுள்ல தேடினா கடையை மேல வர வைக்கற வேலை, அந்த பேக்கேஜ்காரன்கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க. முதல் இடத்துக்கு கேரண்டின்னு சொன்னா அங்கேயே முடிச்சுக்குங்க, அப்படி யாராலயும் கேரண்டி கொடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. மேப்புல யாரை மேல காட்டறதுன்னு அவங்க பார்க்கறது மூணு: தேடினதுக்குப் பொருத்தமா, எவ்ளோ தூரம், எவ்ளோ பேர் அறிஞ்ச கடை. தூரத்தை நீங்க மாத்த முடியாது. மீதி ரெண்டும் டைமிங், போட்டோ, ரிவ்யூன்னு உங்க கையில கீது. ஆனா "ரிவ்யூ போட்டா ஒரு பேடா ஃப்ரீ"ன்னு போர்டு வெச்சுடாதீங்க, அது அவங்க ரூலுக்கு விரோதம்.

சத்துவாச்சாரி_டிஜிட்டல்

நான் ஏஜென்சி வேலையில இருக்கறவன், அதனால எதிர்க்கட்சி வக்கீலா பேசறேன். கோவிச்சுக்காதீங்க.

காட்பாடி அண்ணன் கணக்கு சரி, ஆனா முதல் ஆர்டரோட நிறுத்திட்டாரு. அந்த 30 பேர்ல ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு 40 கிலோ கேட்டா? தீபாவளிக்கு ஆபீஸ் ஆர்டர் கொடுத்தா? ஒரு வாடிக்கையாளர் மொத்தமா எத்தனை வருஷம் எவ்வளவு வாங்குவார்ங்கறதுக்கு லைஃப்டைம் வேல்யூன்னு பேரு. இனிப்புக் கடையில அதுதான் முக்கியம். ரீச்சையும் அப்படியே தள்ளாதீங்க. ஆடி மாசத்துல ரீச் வீண், தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அதே ரீச் வேலை செய்யும்.

அக்கா கேட்ட மத்த வார்த்தைங்க. ரீமார்க்கெட்டிங்னா ஏற்கெனவே எட்டிப் பார்த்தவங்களுக்கே திரும்பக் காட்டறது. இதுக்கு வெப்சைட்டுல பிக்சல்னு ஒரு கோட் வைக்கணும்னு சொல்லுவாங்க. உங்களுக்கு வெப்சைட் இல்லைன்னா பிக்சலும் தேவையில்ல. உங்க வீடியோவைப் பார்த்தவங்க, இன்ஸ்டா பக்கத்துக்கு வந்தவங்க, மெசேஜ் போட்டவங்கன்னு மெட்டாவுலயே பட்டியல் எடுக்கலாம், அது கஸ்டம் ஆடியன்ஸ். அவங்க மாதிரியே இருக்கற புது ஆளுங்களைத் தேடச் சொல்றது லுக்கலைக். உங்க அளவுக்கு இப்போதைக்கு கஸ்டம் ஆடியன்ஸ் போதும்.

இன்ஃப்ளூயன்சர் விஷயத்துல ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. அவரோட இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் கேளுங்க, பார்க்கறவங்க எந்த ஊர்னு அதுல இருக்கும். வேலூர், ராணிப்பேட்டை, சென்னை இல்லைன்னா வேணாம். காசு கொடுக்காம ஒரு பெட்டி பேடா மட்டும் கொடுக்கறது பார்ட்டர் கொலாப். எப்படிக் கொடுத்தாலும் "விளம்பரம்"னோ "கொலாப்"னோ அவர் தெளிவாப் போடணும். 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்ல இது இருக்கு. மறைச்சு ஏமாத்தினா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் 10 லட்சம் வரைக்கும் போகலாம், கடைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

காட்பாடி_பிரஸ்

தம்பி சொன்ன கல்யாண ஆர்டரை ஒத்துக்கறேன். ஆனா அது வந்தப்பறம் எழுதணும், வரும்னு நினைச்சு மாசாமாசம் 16,620 கட்டக் கூடாது.

அதை எழுதறதுக்கு வழி இருக்கு. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல லேபிள்னு ஒண்ணு இருக்கு தங்கச்சி. விளம்பரத்துல இருந்து வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கலர் லேபிள் போடுங்க. காசு கட்டினா இன்னொண்ணு. ஆறு மாசம் கழிச்சு அவரே திரும்பக் கேட்டா லேபிள் காட்டிக் கொடுத்துடும். பழைய ஆளுங்களுக்குச் சேதி அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட் போடலாம், ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர். அவங்க போன்ல உங்க நம்பரை சேவ் பண்ணியிருந்தாத்தான் போய்ச் சேரும், அதனால டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு போடுங்க. சீட்டு நானே அடிச்சுத் தர்றேன், அது விளம்பரம்தான், மறைக்கலை.

ஆற்காடு_பேடாக்கடை

அண்ணே, கேட்டேன். ரெண்டு போன், ஒரு மெயில் போட்டப்பறம் பதில் வந்துச்சு. லிங்க் கிளிக் 450. அப்ப ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் ஆகுதுல்ல? ஒண்ணரை ரூபாய் இல்ல. 90 பேர் பேசினாங்க, ஒருத்தருக்கு 100 ரூபாய். அப்ஜெக்டிவ் எங்கேஜ்மென்ட், அதுலயும் போஸ்ட்டுக்கு லைக் வாங்கற மாதிரிதான் வெச்சிருக்காங்க.

ஊர் வாரியாவும் கேட்டு வாங்கினேன். முதல்ல கோயம்புத்தூர், அப்புறம் மதுரை, திருநெல்வேலி. ராணிப்பேட்டை மாவட்டம் கீழ எங்கேயோ கிடக்கு. வயசு 18 டு 24. எங்க பேடா ஜீராவோட ரெண்டு மூணு நாள்தான் நல்லா இருக்கும். திருநெல்வேலிக்கு பார்சல் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க கமெண்ட்ல "சூப்பர்"னு போட்டுட்டுப் போயிடுவாங்க.

சத்துவாச்சாரி தம்பி, நீங்க சொன்னது நியாயம்தான். ஆனா தீபாவளிக்கு எங்களுக்கு விளம்பரமே வேணாம், அடுப்பு தாங்காது. காலி நாள்ல கூட்டம் வரணும், எனக்கு அதுதான் பிரச்னை.

காட்பாடி_பிரஸ்

450 லிங்க் கிளிக்கை மூணு லட்சத்தால வகுத்தா நிஜ சிடிஆர் 0.15%. 2% இல்ல. இதை அவங்களுக்கே திருப்பி அனுப்புங்க.

காலி நாள் கூட்டம்னா உங்களுக்கு ஊர்க்காரங்களை விட ரோடுதான் கை கொடுக்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்துலயே போகுது. கடையைச் சுத்தி வட்டம் போட்டு விளம்பரம் வைக்கலாம். அந்த வட்டத்துல குடியிருக்கறவங்களோட சமீபத்துல வந்தவங்களையும் மெட்டா சேர்த்துக்கும். அதனால வேலூர், ராணிப்பேட்டை, வாலாஜா, ஆரணி உள்ள வர்ற மாதிரி வட்டம். வயசு 28-க்கு மேல. "ஹைவேயில இருந்து இத்தனை நிமிஷம், கார் நிறுத்த இடம் இருக்கு"ன்னு ஒரே வரி, மேப் லிங்க். சனி, ஞாயிறு வேணாம், உங்களுக்கு அப்ப கூட்டம் இருக்கும். திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஒரு நாளைக்கு 150 ரூபாய் போட்டுப் பாருங்க. ஒரே சமயத்துல ரெண்டு படம் விடுங்க: ஒண்ணுல பேடாவை வெட்டி உள்ள முந்திரி தெரியற மாதிரி, இன்னொண்ணுல கடை வாசல். எது ஜெயிக்குதுன்னு பார்க்கறதுதான் ஏ/பி டெஸ்ட். எனக்கு வாசல்தான் ஜெயிக்கும்னு தோணுது. வண்டி ஓட்டறவனுக்கு எங்க திரும்பணும்னு தெரியணும்.

இன்னொரு கேள்வி, முதல்லயே கேட்டிருக்கணும். விளம்பரக் கணக்கு யார் பேர்ல இருக்கு?

ஆற்காடு_பேடாக்கடை

அவங்க பேர்லதான் அண்ணே. பக்கத்துக்கு பாஸ்வேர்டும் அவங்ககிட்டதான்.

சத்துவாச்சாரி_டிஜிட்டல்

இதுல நானும் காட்பாடி அண்ணன் கட்சி. உங்க பேர்ல மெட்டா பிசினஸ் போர்ட்ஃபோலியோ ஒண்ணு திறங்க. ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டா, புது விளம்பரக் கணக்கு மூணும் அதுக்குள்ள இருக்கட்டும். முழு அதிகாரம் உங்களுக்கு, ஏஜென்சிக்கு பார்ட்னர் அனுமதி மட்டும். பாஸ்வேர்டே கொடுக்க வேண்டியதில்ல. பழைய கணக்குல இருக்கற விளம்பர விவரத்தை எக்செல்லா இறக்கித் தரச் சொல்லுங்க, பிடிஎஃப் வேணாம். பக்கத்தோட முழு அதிகாரம் உங்க கைக்கு வந்தப்பறம் கூலியைப் பத்திப் பேசுங்க. அதுக்கு முன்னாடி சண்டை போடாதீங்க.

காந்திரோடு_லாட்ஜ்

அதெல்லாம் பண்ணுங்க. நடுவுல ஒண்ணு. நம்ம ரிசப்ஷன்ல தினம் ஒருத்தராவது ஊருக்குக் கொண்டு போக நல்ல மிட்டாய் எங்க கிடைக்கும்னு கேட்கறாங்க. பெங்காலிங்களுக்கு ஜீரா ஸ்வீட்டுன்னா உயிர். அரைக் கிலோ டப்பா என்ன விலைக்குக் கொடுப்பீங்க? ரயில்ல ரெண்டு நாள் தாங்குமா?

ஆற்காடு_பேடாக்கடை

ஜீராவை வடிச்சுக் கட்டினா தாங்கும் அண்ணே. உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க. வேலூருக்கு வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை முந்திரி வாங்க லாங்கு பஜார் வருவார், சாம்பிள் ஒரு டப்பா கொடுத்தனுப்பறேன்.